லேசரால் தண்ணீரின் வெப்பநிலையை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள், பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டுச் செயற்றிட்டம் செய்பவர்கள், வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், கடலில் சுழியோடுபவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஓரிடத்தில் எழுதி வைத்தால் பயன்படும் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். முதல் சில கேள்விகள் எளிமையானவை, போகப் போகச் சிக்கலாகும். அதனால் மேலிருந்து கீழாகப் படிப்பது நல்லது.

தண்ணிக்குள்ள ஒண்டும் இறக்காம, வெளியில நிண்டு லேசர் அடிச்சே வெப்பநிலை பார்க்கலாம் எண்டு சொல்லுறாங்கள். உண்மையா?

உண்மைதான். லேசர் ஒளியைத் தண்ணீருக்குள் அனுப்பினால் அதில் பெரும் பகுதி உறிஞ்சப்பட்டுவிடும், அல்லது நிறம் மாறாமலே சிதறும். மிகச் சிறிய ஒரு பங்கு மட்டும் வேறு நிறத்தில் திரும்பி வரும். அந்தப் புது நிறம் எப்படிப் பரவியிருக்கிறது என்பது, ஒளியைச் சிதறடித்த தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது என்பதைப் பொறுத்து மாறும். அதை அளந்தால் வெப்பநிலையைக் கணக்கிடலாம்.

அமெரிக்காவில் டொனால்ட் லெனார்ட்டும் அவருடைய சகாக்களும் 1970களிலேயே இதைக் கடலில் முயன்றார்கள். பிறகு 2010களில் சிட்னியின் மக்குவாரிப் பல்கலைக்கழகத்தில் இதே முறைக்குச் சிறிய, எளிய கருவிகளை உருவாக்கும் வேலை நடந்தது. ஆனாலும் கடைக்குப் போய் ஒன்று வாங்கிவரும் நிலை இன்னும் வரவில்லை. இது ஆய்வாளர்களின் கையில் இருக்கும் கருவி.

புறக்கோட்டையில வாங்கின லேசர் தெர்மோமீட்டர் ஒண்டு என்னட்ட இருக்கு. இதுவும் அதுவும் ஒண்டுதானே?

இரண்டும் வேறு. எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கொரோனாக் காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அந்த வகைத் துப்பாக்கி வடிவக் கருவிதான் உங்களிடம் இருப்பது. அதில் தெரியும் சிவப்புப் புள்ளி லேசர்தான். ஆனால் அது எதையும் அளப்பதில்லை, எங்கே குறி வைத்திருக்கிறீர்கள் என்று காட்டுவது மட்டுமே அதன் வேலை. புள்ளியைக் கையால் மறைத்தாலும் கருவி எண் காட்டும். உண்மையில் அளப்பது, பொருள் தானாகவே வெளிவிடும் செந்நிறக்கீழ்க் கதிரை. அது ஏறத்தாழ 8 முதல் 14 மைக்ரோமீற்றர் அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியாது.

அந்தக் கதிரைத் தண்ணீர் மிக வலுவாக உறிஞ்சும். அதனால் ஒரு தலைமயிரின் தடிப்பை விட மெல்லிய மேல்தோலில் இருந்து வரும் கதிர் மட்டுமே கருவியை அடையும். ஒரு அடி கீழே என்ன வெப்பநிலை என்று இதற்குத் தெரிய வழியே இல்லை. லேசர் முறையின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. பச்சை, நீல ஒளி தண்ணீருக்குள் மீற்றர் கணக்கில் போகும், அதனால் உள்ளே இருக்கும் தண்ணீரைப் பற்றிய செய்தியுடன் திரும்பும்.

கையில் இருக்கும் துப்பாக்கியையும் ஒழுங்காகப் பாவிக்கலாம். நேராகக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் வானத்தின் பிரதிபலிப்பும் சேர்ந்து வந்து எண்ணைக் குறைத்துவிடும். தூரத்தையும் பாருங்கள். 12:1 என்று எழுதியிருந்தால் 1.2 மீற்றர் தூரத்தில் அது 10 சென்ரிமீற்றர் அகல வட்டத்தின் சராசரியைக் காட்டுகிறது. ஆவி பறக்கும் தண்ணீருக்கு மேல் பிடித்தால் வரும் எண்ணை நம்ப வேண்டாம்.

மேல எவ்வளவு சூடோ உள்ளுக்கும் அவ்வளவுதானே? பிறகு என்ன பிரச்சினை?

நன்றாகக் கலக்கிய வாளியில் அப்படித்தான். கடலில் அப்படி இல்லை. நீர் ஆவியாகும்போது மேல்தோல் வெப்பத்தை இழப்பதால் அது சற்றுக் கீழே உள்ள தண்ணீரை விட வழக்கமாக 0.2 பாகை அளவில் குளிராக இருக்கும். காற்று வீசாத வெயில் நாளில் நேர்மாறாக, மேலே உள்ள சில அடித் தண்ணீர் பிற்பகலில் ஒன்றிரண்டு பாகை கூடச் சூடேறிவிடும். முகத்துவாரத்தில் களனி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஆற்றின் நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் உப்புநீருக்கு மேல் பரவி நிற்கும். மேலே ஆற்றின் வெப்பநிலை, கீழே கடலின் வெப்பநிலை.

இந்த வித்தியாசம் முருகைக்கற்களுக்குப் பெரிய விஷயம். ஓரிடத்தின் வழமையான ஆண்டு உச்ச வெப்பநிலையை விட 1 பாகை கூடி, அது வாரக்கணக்கில் நீடித்தாலே அவை வெளிறத் தொடங்கும். 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃப் என்ற முருகைக்கற்பாறையிலும் அதைக் கண்டோம், 2016இலும் நம் கடல் அதை அனுபவித்தது. நம் பக்கத்துக் கடல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 27 முதல் 30 பாகைக்குள்தான் இருக்கிறது. இவ்வளவு குறுகிய வீச்சில், மேல்தோலின் எண்ணை எடுத்து 5 மீற்றர் கீழே இருக்கும் உயிரைப் பற்றிப் பேசினால் தவறான முடிவுக்குத்தான் வருவோம்.

பச்சை லேசர் அடிச்சா பச்சைதானே திரும்பி வரவேணும்? நிறம் எப்படி மாறும்?

பெரும்பாலும் பச்சைதான் வரும். ஆனால் மிகச் சில போட்டன்கள் (ஒளியின் துணுக்குகள்) தண்ணீர் மூலக்கூறில் படும்போது தம் சக்தியில் ஒரு பகுதியை அதன் அதிர்வுக்குக் கொடுத்துவிடுகின்றன. தண்ணீரில் ஐதரசனும் ஒட்சிசனும் இணைந்திருக்கும் பிணைப்பு இழுபட்டுச் சுருங்கி அதிரும், அந்த அதிர்வுக்குத்தான் இந்தச் சக்தி போகிறது. சக்தி குறைந்தால் அலைநீளம் கூடும். 532 நானோமீற்றர் பச்சை ஒளியை அனுப்பினால் ஏறத்தாழ 650 நானோமீற்றரில் சிவப்பாக ஒரு பங்கு திரும்பும். 450 நானோமீற்றர் நீலத்தை அனுப்பினால் அது 531 அளவில், அதாவது பச்சையாக வரும்.

இதுதான் ராமன் விளைவு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், கே. எஸ். கிருஷ்ணனுடன் கல்கத்தாவில் வேலை செய்து 1928 பெப்ரவரி 28இல் கண்டது. 1930இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 1921இல் கப்பலில் போகும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டதில்தான் அவருடைய இந்தத் தேடல் தொடங்கியது. கடலைப் பார்த்துப் பிறந்த கண்டுபிடிப்பு திரும்பவும் கடலையே அளக்க உதவுவது எனக்கு மிகப் பிடித்த விஷயம்.

சரி, நிறம் மாறுது. அதுக்கும் சூட்டுக்கும் என்ன தொடர்பு?

தண்ணீர் மூலக்கூறுகள் தனித்தனியாக இருப்பதில்லை. பக்கத்து மூலக்கூறுகளுடன் ஐதரசன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கும். இறுக்கமாகப் பிடிபட்ட மூலக்கூறின் அதிர்வு சற்று மெதுவாகவும், பிடி தளர்ந்ததன் அதிர்வு சற்று வேகமாகவும் இருக்கும். அதனால் திரும்பி வரும் சிவப்பு ஒரு மெல்லிய கோடாக இருக்காது. இரண்டு மேடுகள் ஒன்றோடொன்று கலந்த அகன்ற பட்டையாக இருக்கும். பச்சை லேசரைப் பாவித்தால் ஒரு மேடு 641 நானோமீற்றர் பக்கம், மற்றது 651 பக்கம்.

தண்ணீர் சூடேறினால் பிடி தளர்ந்த மூலக்கூறுகள் கூடும். அப்போது 641 பக்க மேடு தாழும், மற்றது உயரும். இரண்டு இடங்களில் ஒளியின் செறிவை அளந்து ஒன்றை மற்றதால் பிரித்தால் கிடைக்கும் விகிதம் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 1 சதவீதம் மாறும். விகிதம் எடுப்பதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. லேசரின் வலு கூடினாலும் குறைந்தாலும், அலை ஆடி ஒளியின் ஒரு பகுதி தவறினாலும், இரண்டு பக்கமும் ஒரே அளவில் மாறுவதால் விகிதம் மாறாது.

துல்லியம் எவ்வளவு? ஒரு பாகைக்குள்ள சொல்லுமா?

சொல்லும். கவனமாகச் செய்தால் ஆய்வுகூடத்தில் அரைப் பாகைக்குள் வரலாம். ஆனால் எத்தனை போட்டன்களைப் பிடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1 மில்லியூல் பச்சைத் துடிப்பில் (லேசர் ஒரு கணம் மட்டும் அடிக்கும் ஒளியில்) ஏறத்தாழ 2,700 இலட்சம் கோடி போட்டன்கள் இருக்கின்றன. அவை தண்ணீரில் ஒரு மீற்றர் போகும்போது ராமன் முறையில் சிதறுவது ஏறத்தாழ 0.02 சதவீதம்தான், அதுவும் எல்லாத் திசைக்கும். 10 மீற்றர் தூரத்தில் 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வில்லையை வைத்தால் அதில் விழுவது அந்தச் சிதறலில் 40,000இல் ஒரு பங்கு. பெருக்கிப் பார்த்தால் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 1.3 கோடி. அப்புறம் தண்ணீர், வில்லை, வடிகட்டி, உணரி ஒவ்வொன்றும் தன் பங்குக்கு அதைக் குறைத்துவிடும்.

எண்ணிக்கையில் இயல்பாக வரும் தடுமாற்றம் அதன் வர்க்கமூலம். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு இலட்சம் போட்டன்கள் கிடைத்தால் விகிதத்தில் 0.45 சதவீதத் தடுமாற்றம் இருக்கும், வெப்பநிலையில் அது ஏறத்தாழ 0.45 பாகை. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு போட்டன்கள் வேண்டும். நூறு துடிப்புகளின் சராசரியை எடுத்தால் பிழை பத்தில் ஒன்றாகும். வேகத்தைக் கொடுத்துத் துல்லியத்தை வாங்க வேண்டும்.

திரும்பி வந்த வெளிச்சம் எந்த ஆழத்தில இருந்து வந்தது எண்டு எப்படித் தெரியும்?

நேரத்தை வைத்து. தண்ணீரில் ஒளி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 2.25 இலட்சம் கிலோமீற்றர் போகும். ஒரு மீற்றர் இறங்கித் திரும்ப 9 நானோசெக்கனுக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். மேற்பரப்பின் எதிரொளி வந்த கணத்தில் இருந்து 45 நானோசெக்கன் கழித்து வருவது 5 மீற்றர் ஆழத்தின் செய்தி. இதற்கு லேசர் துடிப்பு மிகக் குறுகியதாக இருக்க வேண்டும். துடிப்பே 9 நானோசெக்கன் நீண்டிருந்தால் ஒரு மீற்றரை விட நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்க முடியாது. தொடர்ந்து எரியும் சாதாரண லேசரால் ஆழத்தைப் பிரிக்கவே முடியாது.

அப்ப எவ்வளவு ஆழம் மட்டும் போகலாம்?

தெளிந்த கடலில் சில பத்து மீற்றர், கலங்கிய தண்ணீரில் ஓரிரு மீற்றர்கூடக் கடினம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அடிக்கும்போது நம் கரையோரம் மணலும் களனியின் சேறும் கலந்து கிடக்கும். அந்த மாதங்களில் இங்கே நின்று ஆழத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. பெப்ரவரி, மார்ச்சில் கல்கிசைப் பக்கம் தண்ணீர் தெளிந்திருக்கும்போது முயல்வதே நல்லது.

பலரும் கவனிக்காத இன்னொரு தொல்லை திரும்பிவரும் ஒளியில் இருக்கிறது. பச்சை லேசருக்குக் கிடைக்கும் பதில் சிவப்பு. சிவப்பைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். 650 நானோமீற்றரில் ஒரு மீற்றர் கடந்தால் 71 சதவீதம் மிஞ்சும், 10 மீற்றர் கடந்தால் 3 சதவீதம். அதை விட மோசம், பட்டையின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் உறிஞ்சப்படுவதில்லை. 641இல் குறைவாகவும் 655இல் கூடுதலாகவும் உறிஞ்சப்படுகிறது. தண்ணீரின் நிறமே நம் விகிதத்தை ஒவ்வொரு மீற்றருக்கும் 5 சதவீதத்துக்கு மேல் மாற்றிவிடும். திருத்தாமல் விட்டால் ஒரு மீற்றருக்கு 5 பாகைக்கு மேல் பிழை வரும். முன்பு சொன்ன போட்டன் கணக்கில் அரைப் பாகைக்காகப் பட்ட பாடெல்லாம் இதில் அடிபட்டுப் போகும்.

நீல லேசருக்கு மாறினால் பதில் பச்சையில் வரும். தூய நீர் பச்சையைக் குறைவாகவே உறிஞ்சும், பட்டையின் இரண்டு முனைகளுக்கும் இடையிலான வித்தியாசமும் ஒரு மீற்றருக்கு 0.3 சதவீத அளவில்தான். பச்சை லேசர் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதையே எடுக்காதீர்கள், ஆழம் வேண்டும் என்றால் நீலம்தான்.

பேர வாவியில செய்து பார்க்கலாமா? ஒஃபிசுக்குப் பக்கத்தில இருக்கு.

தொடக்கத்துக்கு அது மிகக் கடினமான இடம். வாவி பச்சையாக இருப்பதற்குக் காரணம் அதில் செறிந்திருக்கும் பாசி. லேசர் பட்டால் பாசியின் பச்சையம் 685 நானோமீற்றர் அளவில் தானே சிவப்பாக ஒளிரும். அழுகிய இலைகளில் இருந்து கரைந்த பொருட்கள் இன்னும் அகலமாக, எல்லா நிறத்திலும் ஒளிரும். இந்தப் புளோரொளிர்வு நம் ராமன் பட்டைக்கு அடியில் மேடாக நின்று விகிதத்தைக் கெடுத்துவிடும்.

இதைச் சமாளிக்க வழி இருக்கிறது. பட்டைக்கு வெளியே மூன்றாவது ஒரு நிறத்தையும் அளந்து, புளோரொளிர்வு எவ்வளவு என்று மதிப்பிட்டுக் கழிக்கலாம். முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலை அதிரும் திசையைப் பாவித்தும் பிரிக்கலாம், ஏனெனில் ராமன் ஒளி பெரும்பாலும் லேசரின் முனைவுத் திசையைப் பேணும், புளோரொளிர்வு பேணாது. ஆனால் முதலில் குழாய்த் தண்ணீரில் சரிப்படுத்துங்கள், பிறகு நீச்சல் தடாகம், பிறகு கடல். வாவி கடைசியாக இருக்கட்டும்.

உப்புத் தண்ணியில கணக்கு மாறுமா?

மாறும். கரைந்த உப்பின் அயன்களும் ஐதரசன் பிணைப்பைக் குழப்புவதால் பட்டையின் வடிவம் கொஞ்சம் மாறும். எந்தத் தண்ணீரில் அளக்கப் போகிறீர்களோ அதே உவர்த்தன்மையுள்ள தண்ணீரில் கருவியை அளவு திருத்துங்கள். களனி முகத்துவாரம் போல உவர்த்தன்மை ஆழத்தோடு மாறும் இடத்தில் அதையும் தனியாக அளக்க வேண்டியிருக்கும்.

பிரிலூவான் முறை எண்டு ஒண்டு இருக்காமே? அது இதை விட நல்லதா?

அது வேறு வழி. தண்ணீருக்குள் எப்போதும் மிக நுண்ணிய ஒலி அலைகள் ஓடிக்கொண்டே இருக்கும். லேசர் அவற்றில் பட்டுச் சிதறும்போது ஒளியின் மீடிறன் (அதிர்வெண்) சற்று மாறும், எவ்வளவு மாறும் என்பது தண்ணீரில் ஒலி போகும் வேகத்தைப் பொறுத்தது. 532 நானோமீற்றர் லேசருக்கு அது ஏறத்தாழ 7.5 கிகாஹேட்ஸ். ஒலியின் வேகம் வெப்பநிலையோடு மாறும், 20 பாகையை அண்டி ஒவ்வொரு பாகைக்கும் செக்கனுக்கு 3 மீற்றர் அளவில் கூடும். இப்படிச் சுற்றிவளைத்து வெப்பநிலை கிடைக்கிறது. லியோன் பிரிலூவான் 1922இல் எழுதிய கோட்பாடு இது.

சிதறிய ஒளி லேசரின் நிறத்தை விட்டு அதிகம் விலகாது என்பதால் சிவப்பு உறிஞ்சப்படும் தொல்லை இதில் இல்லை. சமிக்ஞையும் ராமனை விட வலுவானது. ஆனால் 7.5 கிகாஹேட்ஸ் என்பது ஒளியின் மீடிறனோடு பார்த்தால் மிகச் சிறிய நகர்வு. அதைப் பிரிக்க மிக நுண்ணிய வடிகட்டியும், நிறம் அசையாத விலையுயர்ந்த லேசரும் வேண்டும். ஒலியின் வேகம் உவர்த்தன்மையாலும் மாறுவதால் அந்தச் சிக்கல் இங்கேயும் இருக்கிறது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ரூபிடியம் ஆவி நிரப்பிய வடிகட்டிகளை உருவாக்கினார்கள். விமானத்தில் இருந்து அளக்கும் நோக்கத்துக்கு இது நல்ல வழி என்பது என் எண்ணம். மாணவர் செயற்றிட்டத்துக்கு வேண்டாம்.

செய்மதியில இருந்து லேசர் அடிச்சுத்தானே கடலின்ட சூட்டைச் சொல்லுறாங்கள்?

இல்லை. கடல் வெப்பநிலை வரைபடங்கள் செந்நிறக்கீழ்க் கதிரையும் நுண்ணலையையும் வைத்து எடுக்கப்படுபவை. லேசரே கிடையாது. முதலாவது உங்கள் புறக்கோட்டைத் துப்பாக்கியின் அதே தத்துவம்தான், மேல்தோலைத்தான் பார்க்கும், முகில் மறைத்தால் ஒன்றுமே தெரியாது. நுண்ணலை முகிலைக் கடந்து ஒரு மில்லிமீற்றர் அளவு உள்ளே பார்க்கும், ஆனால் அதன் ஒரு புள்ளி பல பத்துக் கிலோமீற்றர் அகலம், கரைக்குக் கிட்ட அது உதவாது.

விண்வெளியில் பச்சை லேசரும் இருக்கிறது. 2018இல் நாசா ஏவிய ஐஸ்சாட்-2 செய்மதியின் லேசர், தெளிந்த, ஆழம் குறைந்த கடலின் அடித்தளம் வரை பார்த்து ஆழத்தைச் சொல்லும். வெப்பநிலையைச் சொல்லாது, ஏனெனில் அது கவனிப்பது நிறம் மாறாமல் திரும்பும் ஒளியை மட்டும். ஆழத்து வெப்பநிலைக்கு உலகம் இன்று நம்பியிருப்பது ஆர்கோ மிதவைகளை. ஏறத்தாழ 4,000 மிதவைகள், பத்து நாளுக்கு ஒரு தடவை 2,000 மீற்றர் வரை இறங்கி ஏறி எண்களை அனுப்புகின்றன. மட்டக்குளி காக்கைதீவில் இருக்கும் நாரா எனும் அரச நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்தில்தான் நம் கடலைப் பற்றிய ஆய்வுகள் நடக்கின்றன. கடல் ஆய்வில் ஆர்வமுள்ள பிள்ளைகள் அங்கே என்ன நடக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

ஒளியியல் நார்க் கேபிளே வெப்பமானி மாதிரி வேலை செய்யும் எண்டு கேள்விப்பட்டன். அதுவும் லேசர்தானே?

ஆம், அதுவும் ராமன் விளைவுதான். ஆனால் இங்கே சிதறடிப்பது தண்ணீர் இல்லை, நாரின் கண்ணாடி. லேசர் துடிப்பை நாருக்குள் அனுப்பினால், சக்தியைக் கொடுத்துச் சிதறிய ஒளியும் கண்ணாடியிடம் இருந்து சக்தியை வாங்கிச் சிதறிய ஒளியும் திரும்பி வரும். இரண்டாவது வகை சூட்டோடு கூடும். இரண்டின் விகிதமும் திரும்பிவந்த நேரமும் சேர்ந்தால் கேபிளின் எந்த இடத்தில் எத்தனை பாகை என்று கிடைக்கும். 1980களில் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் வளர்ந்த முறை இது. இன்று பல கிலோமீற்றர் நீளத்துக்கு மீற்றருக்கு மீற்றர் அளக்கும் கருவிகளைக் காசு கொடுத்து வாங்கலாம்.

தண்ணீருக்குள் கேபிளைப் போட வேண்டும் என்பதுதான் வித்தியாசம். அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் பல வேலைகளுக்கு இதுவே என் முதல் தெரிவு. நுரைச்சோலை அனல்மின் நிலையம் கடல்நீரால் குளிர்விக்கப்படுகிறது. அப்படிப்பட்ட இடங்களில் வெளியேறும் சூடான தண்ணீர் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று இரவும் பகலும் பார்க்க இதை விட நல்ல வழியை நான் அறியேன். கலங்கல், பாசி, பருவக்காற்று எதுவும் இதைத் தடுக்காது.

கண்ணுக்கு ஆபத்தா? மீனுக்கு? தண்ணியே சூடாகிடாதா?

கண்ணுக்கு நிச்சயமாக ஆபத்து. இதை இலேசாக எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1 மில்லிவாற்றுக்குள் இருக்கும் வகை 2 லேசரில் மட்டும்தான் கண் சிமிட்டுவதே காப்பாகும். தண்ணீரில் நேராக விழும் ஒளியில் 2 சதவீதம் மேற்பரப்பில் தெறித்துத் திரும்பும். 100 மில்லிவாற்று லேசர் என்றால் தெறிப்பு மட்டுமே 2 மில்லிவாற்று, அந்த எல்லையை விட இரண்டு மடங்கு. அலை ஆடும்போது அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. சரியான அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும் வேண்டும். மூடிய குழாய்க்குள் கதிரை வைத்து வேலை செய்யுங்கள். பொதுக் கடற்கரையில் செய்ய வேண்டாம், மேல்நோக்கி ஒருபோதும் திருப்ப வேண்டாம். இரத்மலானையில் விமானங்கள் தாழப் பறக்கின்றன.

மீனின் கண்ணும் கண்தான், அதனால் வளர்ப்புத் தொட்டியில் வலுவான லேசரைப் பாவிக்காதீர்கள். தண்ணீர் சூடாகுமா என்ற பயம் தேவையில்லை. ஒரு லீற்றரை 1 பாகை சூடாக்க 4,186 யூல் வேண்டும். 1 மில்லியூல் துடிப்பு என்றால் 40 இலட்சத்துக்கு மேல் துடிப்புகள், அதுவும் வெப்பம் எங்கேயும் போகாமல் இருந்தால்.

எங்கட செயற்றிட்டத்துக்கு இதை எடுக்கலாமா? எங்க தொடங்கிறது?

எடுக்கலாம், ஆனால் கடலில் தொடங்காதீர்கள். மேசையில் ஒரு கண்ணாடிக் கலத்தில் தண்ணீர், பக்கத்தில் லேசர், செங்கோணத்தில் நிறமாலைமானி, இவை போதும். தண்ணீரை 20 முதல் 40 பாகை வரை படிப்படியாகச் சூடாக்கி ஒவ்வொரு படியிலும் பட்டையைப் பதிவு செய்யுங்கள். இரண்டு மேடுகளும் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்கும்போது மேலே எழுதியவை எல்லாம் புரிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். மலிவான பச்சை லேசர் சுட்டிகள் பல, பச்சையோடு சேர்த்துக் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் ஒளியையும் கசியவிடும், அதற்கான வடிகட்டி இல்லாமல் தொடாதீர்கள். மற்றது ஒப்பிடும் வெப்பமானி. கடைகளில் கிடைக்கும் நீர்புகா டிஎஸ்18பி20 உணரியின் உத்தரவாதமே ±0.5 பாகைதான். அதை வைத்து 0.2 பாகைத் துல்லியம் கண்டேன் என்று அறிக்கை எழுத முடியாது. பனிக்கட்டி உருகும் தண்ணீரில் வைத்து முதலில் அதன் பூச்சியத்தைச் சரிபாருங்கள்.

இவ்வளவு கஷ்டப்படுறதுக்கு ஒரு வெப்பமானியைக் கயித்தில கட்டி இறக்கினாப் போதாதா?

பல வேளைகளில் போதும். இறால் பண்ணைக்கும் மீன் தொட்டிக்கும் கயிற்றில் கட்டிய வெப்பமானியே சிறந்தது, அதை விட்டு வேறெதையும் தேட வேண்டாம். லேசர் பயன்படுவது, ஓடும் கப்பலில் இருந்தோ விமானத்தில் இருந்தோ பெரிய பரப்பை ஆழத்தோடு வரைய வேண்டிய இடத்தில். நீருக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் உணரியில் சிப்பியும் பாசியும் படிந்து எண் நகர்ந்துவிடும் இடத்திலும் அதற்கு வேலை இருக்கிறது.

துப்பாக்கி 28.6 காட்டுது, வாளித் தண்ணியில வெப்பமானி 29.0, இணையத்தில செய்மதி 29.8 சொல்லுது. எதை நம்புறது?

மூன்றும் சரியாக இருக்கலாம். துப்பாக்கி குளிர்ந்த மேல்தோலைப் பார்த்தது, வானத்தின் பிரதிபலிப்பும் கொஞ்சம் கலந்திருக்கும். வாளி மேல் ஒரு அடித் தண்ணீரை அள்ளியது. செய்மதிப் படத்தின் ஒரு புள்ளி ஒரு கிலோமீற்றரோ அதை விட அகலமோ இருக்கும், அது வேறொரு நேரத்தின் எண்ணாகவோ பல செய்மதிகளின் கலவையாகவோ இருக்கலாம்.

அதனால் யாராவது கடல் வெப்பநிலை என்று ஒரு எண்ணைச் சொன்னால் எந்த ஆழம், எத்தனை மணி, எவ்வளவு பரப்பின் சராசரி என்று கேளுங்கள். உங்கள் குறிப்பேட்டிலும் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்தில் இந்த மூன்றையும், அளந்த கருவியின் பெயரையும், அன்று காற்று அடித்ததா இல்லையா என்பதையும் எழுதி வையுங்கள். பிறகு லேசர் கருவி ஒன்று கையில் கிடைக்கும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் குறிப்புகள் தேவைப்படும்.